எலக்ட்ரிக் எல்லோ குட்டி போடல - கடிதம்

வணக்கம் அண்ணா,

திருச்சில இருக்கேன். மூணடி டேங்க்ல அஞ்சு எலக்ட்ரிக் எல்லோ மீனும் ரெண்டு ரெட் ஜீப்ரா மீனும் ஒரு வருஷமா வளக்குறேன், இதுவரைக்கும் ஒரு குட்டி கூட போடல. தண்ணி எங்க வீட்டு போர் தண்ணி, உப்பு அதிகம், அதனாலயா? ஆர்ஓ தண்ணி கலக்கவா? ஹீட்டரும் வாங்கி வச்சிருக்கேன். போன மாசம் ஒரு எல்லோக்கு தாடை வீங்கி, மூணு நாளா சாப்பிடவே இல்ல. கடைக்காரர் நோய்னு சொன்னார், வலைல புடிச்சு பக்கெட்ல உப்பும் மெத்திலின் ப்ளூ மருந்தும் போட்டு விட்டேன், மறுநாளே வீக்கம் வத்தி நல்லா ஆயிடுச்சு. பக்கெட் அடில மஞ்சளா மிளகு சைஸ்ல ஏழெட்டு உருண்டை கிடந்துச்சு, பெல்லட் தீனின்னு நெனச்சு கொட்டிட்டேன். ப்ரீட் ஆக என்ன பண்ணணும்?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடைசி நாலு வரிய படிச்சிட்டு கொஞ்ச நேரம் தலைல கைய வச்சு உக்காந்துட்டேன். மூணு நாளா சாப்பிடாத மீன் வாயில பெல்லட் எங்கருந்து வரும்? நீங்க கொட்டினது முட்டை. உங்க மீன் போன மாசமே ப்ரீட் ஆயிடுச்சு, நீங்கதான் வைத்தியம் பாத்து கலைச்சு விட்டுட்டீங்க. கோச்சுக்காதீங்க, நானும் முதல் தடவை இதேதான் செஞ்சேன், பக்கெட்டுக்கு பதிலா ஒரு பழைய குக்கர் பாத்திரம், அவ்ளோதான் வித்தியாசம்.

இது ஆப்பிரிக்காவுல இருக்குற மலாவி ஏரி மீன். பாறை இடுக்குல வாழுற ம்புனா கூட்டம், வாய்லயே அடைகாக்குற ஜாதி. ஆண் ஒரு கல்லடில மணல ஒதுக்கி இடம் புடிச்சு உடம்ப நடுங்க நடுங்க ஆட்டி பொண்ண கூப்பிடும், ரெண்டும் தலைக்கு வால் வாலுக்கு தலைன்னு வட்டமா சுத்தும், பொண்ணு ஒரு முட்டை விடும், உடனே திரும்பி வாயில எடுத்துக்கும். ஆணோட அடித்துடுப்புல முட்டை மாதிரியே மஞ்சப்புள்ளி இருக்கும் பாருங்க, அதையும் முட்டைன்னு நெனச்சு கொத்தப் போகும்போது ஆண் விடுற விந்து வாய்க்குள்ள போய் அங்கயே கரு கூடிடும். 1962ல வுல்ஃப்காங் விக்லர் நேச்சர் இதழ்ல எழுதினது இது, அப்புறம் வந்தவங்க விஷயம் அவ்ளோ எளிசு இல்லன்னும் சொல்லியிருக்காங்க. எப்படியோ, பத்து நிமிஷம் டேங்க் முன்னாடி உக்காந்து அத ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் டிவி பக்கம் போக மாட்டீங்க.

அதுக்கப்புறம் அந்த பொண்ணு ஒரு மூலைல ஒதுங்கிடும். தாடை சட்டி மாதிரி தொங்கும், எதையோ மெல்லுற மாதிரி வாய அசைச்சுக்கிட்டே இருக்கும், முட்டைய உருட்டி விடுது அது. சாப்பாடு போட்டா எட்டிப் பாக்கும், வராது. மூணு வாரம் பட்டினி. ரெண்டு வாரம் தாண்டினதும் டார்ச் அடிச்சுப் பாருங்க, லேசா வாய் தொறக்கும்போது உள்ள குட்டி குட்டியா கருப்பு கண்ணு தெரியும். முதல் ஈத்துல நிறைய மீன் பயத்துல முழுங்கிடும், நாம எதுவும் செய்யலன்னாலும் முழுங்கும், அதுக்கு வருத்தப்படாதீங்க.

தண்ணிய தொடாதீங்க! ஆர்ஓ வேணவே வேணாம். பருப்பு வேகாத, பக்கெட்ல வெள்ளையா படியுற அந்த போர் தண்ணி இதுங்களுக்கு நல்லாவே ஒத்துக்கும், மலாவில பிஹெச் கிட்டத்தட்ட 8 இருக்கும். நாலு பேர் காசு குடுத்து பவளக்கல் வாங்கி போட்டு கொண்டு வர்றத உங்களுக்கு மோட்டார் போட்டா வருது.

ஒரு ஆணுக்கு மூணு நாலு பொண்ணாவது வேணும், இல்லன்னா ஒரே பொண்ண துரத்தித் துரத்தி அடிச்சே கொன்னுடும். கல்ல இன்னும் நிறைய அடுக்குங்க, பொண்ணு ஒளிஞ்சுக்கணும்.

இன்னொண்ணு, அந்த ரெட் ஜீப்ராவ வேற டேங்க்குக்கு மாத்துங்க. எல்லோவும் அதுவும் தாராளமா கலக்கும். நான் ஒரு தடவை 14 குட்டிய வளத்து எல்லோன்னு சொல்லி ஒரு கடைக்கு குடுத்தேன், நாலு மாசத்துல ஆரஞ்சும் மஞ்சளுமா அழுக்கு கலர்ல நிக்குது, அந்த மனுஷன் முகத்துல முழிக்கவே கூச்சமா போச்சு. (எல்லோவோட அறிவியல் பேரு லேபிடோக்ரோமிஸ் கேருலியஸ், கேருலியஸ்னா லத்தீன்ல நீலம்! ஏரில நிறைய இடத்துல இது வெள்ளையும் நீலமுமாதான் இருக்கும், நாம வளக்குற மஞ்சள் அந்த ஏரிக்கரைல லயன்ஸ் கோவ்ங்கற இடத்து பக்கத்து மீனோட வம்சம்.)

அடுத்த தடவை தாடை தொங்கினா காலண்டர்ல தேதி குறிங்க. 18 நாளைக்கு வலை, மருந்து, கை எதுவும் உள்ள போகக்கூடாது. அப்புறம் ராத்திரி லைட் அணைச்சிட்டு மெதுவா புடிச்சு தனி டப்பால விடுங்க, பக்கத்துல ஸ்பாஞ்ச் பில்டர் ஓடட்டும், நாலஞ்சு நாள்ல அதுவே துப்பிடும். துப்பின உடனே அம்மாவ எடுத்துடுங்க. குட்டிக்கு பெல்லட்ட விரல்ல நசுக்கி பொடியா போட்டாலே போதும், ஆர்ட்டீமியாங்கற பொடி இறால் குஞ்சு கிடைச்சா இன்னும் சீக்கிரம் வளரும். பத்து குட்டி வந்தாலே முதல் தடவைக்கு ஜாஸ்தி.

ஹீட்டர் திருச்சில எதுக்கு தம்பி? ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு கேளுங்க. ஏப்ரல் மாசம் டேங்க் மேல ஒரு சின்ன ஃபேன் மாட்ட வேண்டியிருக்கும், அந்த காசு அதுக்கு ஆகும்.