சிறகைத் தூக்கிக் காட்டும் வெட்டுக்கிளி

கேள்வி: மலாவியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரிய பச்சை வெட்டுக்கிளி, உள்சிறகு சிவப்பும் நீலமும். அவருடைய நாய் கிட்டே போனபோது பறந்து ஓடாமல் சிறகைத் தூக்கிக்கொண்டு நின்றதாம். கடிக்குமா?
- வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: அதற்குப் பயப்படவேண்டாம். ஆனால் நாயை முதலில் கட்டிப்போடச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் ஃபைமாட்டியஸ் விரிடிபெஸ் என்ற இனத்துக்குப் பொருந்துகிறது. ஏறத்தாழ 7 சென்டிமீற்றர் வரை வளரும். நம் எருக்கின் குடும்பத்தில் பால் வடியும் செடிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றை இது விரும்பித் தின்னும். அந்தப் பாலில் இதயத் துடிப்பையே குழப்பிவிடும் நஞ்சு உண்டு, ஆடுமாடுகூட அதில் வாய் வைக்கத் தயங்கும். இந்தப் பூச்சியோ அதைத் தின்று நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிறகு எதற்கு ஓட வேண்டும்? சிறகை உயர்த்திச் சரசரவென்று ஆட்டும், அதற்கும் விலகாவிட்டால் நெஞ்சுப் பகுதியிலிருந்து நாற்றம் பிடித்த நுரையைக் கக்கும். குஞ்சுகள் ஒரே செடியில் கொத்தாக அப்பிக்கிடக்கும். ஒன்றைக் கொத்தித் துப்பிய பறவை பக்கத்தில் இருப்பதைத் தொடாது.

இதே குடும்பத்துப் பூச்சி நம்மிடமும் உண்டு. கரும்பச்சைச் சிறகில் மஞ்சள் புள்ளி, வயிற்றில் சிவப்பு வளையம், கோப்பிச் செடியிலும் வாழையிலும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் ஒன்றை விரலிடுக்கில் பிடித்தேன். கரகரவென்று சத்தம் போட்டது, கழுத்தோரம் குமிழி குமிழியாக வழவழப்பான நுரை பொங்கி விரலெல்லாம் வழிந்தது, எத்தனை தடவை சவர்க்காரம் போட்டும் நாற்றம் போகவே இல்லை. 2020இல் குருநாகல் மாவத்தகமப் பக்கம் இது பெருகியபோது, பாலைவன வெட்டுக்கிளிதான் இலங்கைக்கு வந்துவிட்டது என்று சனம் பயந்தது. அது வேறு, இது வேறு. இது நெடுகிலும் இங்கேயே இருக்கும் பூச்சி.

அண்ணனிடம் சொல்லுங்கள்: படம் எடுக்கட்டும், கையில் பிடிக்கவேண்டாம், சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்க்கவேண்டும். நாய் மென்றுவிட்டு வாந்தி எடுத்தால் மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோகவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.