மொறிஸ் மைனர் வடிவுக்கு மட்டும்தானா?

பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, தினமும் ஓடலாமா, இல்லை வடிவுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "வடிவுக்கு மட்டும்தானா" என்ற சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாராளமாக ஓடலாம்.

பொனற்றின் நடுவில் நீளமாக ஒரு தட்டையான பட்டி போகும், பாருங்கள். அது அலங்காரம் இல்லை. இங்கிலாந்தில் இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தெரிந்ததால், அதை நெடுக்காக இரண்டாக வெட்டி 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்துத்தான் அகலத்தை முடிவு செய்தார். அதற்குள் பம்பர்களைச் செய்துவிட்டார்கள், அதனால் 1948இல் வந்த முதல் கார்களில் பம்பரையும் வெட்டி நடுவில் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். ஸ்ரியரிங் ராக் அண்ட் பினியன், அதாவது ஒரு பற்சில்லு பல் வெட்டிய சட்டத்தை நேரே தள்ளிச் சில்லுகளைத் திருப்பும் முறை. முன்பக்கம் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குப்பட்டு நிமிரும் நீளமான இரும்புத் தண்டு. வளைவுகளில் கார் காட்டும் பிடி இதனால்தான்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அப்பா எங்கள் 948 சிசி மைனரை மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார். காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். ஒஸ்ரின்தான் இதற்குத் திறம் என்று சிலர் வருவீர்கள், அதுவும் நல்ல கார்தான், நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் ஒரு பலவீனம் இருக்கிறது. முன்சில்லைத் தாங்கும் கால், ட்ரனியன் என்ற துண்டுக்குள் மரை போட்டுத்தான் நிற்கிறது. கிறீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து கால் கழன்றுவிடும். 2011இல் கொடிகாமம் தாண்டியதும் எங்கள் காரின் இடது சில்லு அப்படியே மடிந்து விழுந்தது, பின்னால் அம்மா இருந்தா. மெதுவாகப் போனதால் தப்பினோம். அதற்கு முதல் வாரம்தான் ஒரு கராஜில் கிறீஸ் அடித்ததாகக் காசு வாங்கியிருந்தார்கள், கழற்றிப் பார்த்தால் கிறீஸ் ஏற்றும் நிப்பிளில் பழைய மண் அப்படியே காய்ந்து கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

இன்னொன்று, கலியாணத்துக்கு இரவல் கொடுக்காதீர்கள். பூ ஒட்டுகிறோம் என்று ரேப் ஒட்டி, அப்பா கையால் அடித்த பெயின்ரை உரித்துக்கொண்டுதான் திருப்பித் தந்தார்கள், ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

சரி, பார்க்கப் போகும்போது ஜாக் அடித்து முன்சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ட்ரனியனை மாற்றித் தரச் சொல்லுங்கள், அதுவரை காரை றோட்டில் இறக்க வேண்டாம்.