இசை கேள்வி-பதில்: '30' ஏன் மனசில் ஒட்டவில்லை?

கேள்வி: பிரிட்டிஷ் பாடகி அடெலின் '21' ஆல்பம் எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். ஆனால் அவருடைய '30' ஆல்பம் வந்து இத்தனை வருஷமாகியும் 'ஈஸி ஆன் மீ' தவிர எதுவும் மனசில் நிற்கவில்லை. எல்லாம் இழுவையாகத் தெரிகிறது. அவர் குரல் போய்விட்டதா, எனக்குத்தான் ரசனை மாறிவிட்டதா?
– வாசகி, திருச்சி

பதில்: குரலில் குறையே இல்லை. 2011 நவம்பரில் குரல்நாணில் அறுவைசிகிச்சை நடந்தபோது ரசிகர்கள் பயந்தது உண்மைதான். ஆனால் 'டு பி லவ்ட்' பாட்டின் பின்பாதியைக் கேளுங்கள்: பியானோவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் உச்சத்துக்குப் போகும் இடம் '21'-இல்கூடக் கிடையாது.

மாறியவர்கள் கூட இருந்து பாட்டைக் கட்டுபவர்கள். '21'-இல் வந்த 'ரோலிங் இன் தி டீப்' பால் எப்வொர்த்தோடும், 'சம்ஒன் லைக் யூ' டான் வில்சனோடும் உருவானவை. இந்த இருவருமே '30'-இல் இல்லை. பெரும்பகுதி க்ரெக் கர்ஸ்டினும் இன்ஃப்ளோவும் செய்தது. 'ரோலிங் இன் தி டீப்' மொத்தமே 3 நிமிடம் 48 நொடி; அதில் சுமார் ஒரு நிமிடத்திலேயே பல்லவி வெடித்துவிடும். '30'-இல் உள்ள 12 பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆறு நிமிடத்தைத் தாண்டுகின்றன. '21'-இல் ஒன்றுகூட ஆறைத் தொடாது. பல்லவிக்காகக் காத்திருந்து பழகிய காதுக்கு இது இழுவையாகத்தான் படும். 'ஈஸி ஆன் மீ' உங்களுக்குப் பிடித்துப்போனதற்கும் இதுவே காரணம்: நாலு நிமிடத்துக்குள் முடிகிற, பழைய அச்சில் வார்த்த பாட்டு அது.

கேட்கும் விதத்திலும் ஒரு சிக்கல் உண்டு. '21' நன்றாக இறுக்கி, சத்தமாக மாஸ்டரிங் (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்யப்பட்ட ஆல்பம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் சத்தமானதே நல்லது என்று காது முடிவு கட்டிவிடும். ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் சத்தத்தைச் சமன்செய்யும் வால்யூம் நார்மலைசேஷனை 'நார்மல்' நிலையில் வையுங்கள். இரண்டு ஆல்பமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு (மைனஸ் 14 லஃப்ஸ்; லஃப்ஸ் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) வந்துவிடும். ஈக்வலைசரை அணைத்து, ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்குங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அதில் அடிநாதம் காணாமல் போய்விடும், 'ஹோல்ட் ஆன்' பாட்டில் அவருடைய நண்பர்கள் சேர்ந்து பாடும் கோரஸும் மங்கிவிடும். சுமாரான வயர் ஹெட்ஃபோன் போதும்.

முதலில் 'டு பி லவ்ட்', அதன்பின் 'ஹோல்ட் ஆன்', பிறகு 'ஐ ட்ரிங்க் வைன்'. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், வேறு வேலை செய்துகொண்டும் வேண்டாம். மூன்றில் ஒன்றாவது பிடித்தால் முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்காக '30'-இல் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 'கேன் ஐ கெட் இட்' பாட்டின் விசில் துண்டு அந்த ஆல்பத்தின் துக்கத்தோடு சேரவே இல்லை. 'மை லிட்டில் லவ்' பாட்டில் மகனோடு பேசும் குரல்பதிவுகள் முதல் தடவை உலுக்கும். நாலாவது தடவை பாட்டை மறிக்கும். இவற்றைத் தாண்டிப்போவதில் தப்பே இல்லை.

ஸ்டூடியோப் பதிவு ஒட்டவே இல்லையென்றால், 2021 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் வானாய்வகத்தின் முன்னால் நடந்த கச்சேரியைப் பாருங்கள். 'ரோலிங் இன் தி டீப்', 'ஹோல்ட் ஆன்' இரண்டையும் ஒரே மேடையில், ஒரே வாத்தியக்குழுவோடு பாடுகிறார். மாஸ்டரிங் வித்தியாசம் அடிபட்டுப்போய், பாட்டை மட்டும் வைத்து நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம்.

கேள்வி: ஆல்பத்தை வரிசை மாற்றிக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், ஈரோடு

பதில்: '21'-இல் பெரிதாக ஒன்றும் குறையாது. '30' மணமுறிவில் தொடங்கி மெல்ல வெளியே வருகிற ஒரே கதை. கலைத்தால் 'லவ் இஸ் எ கேம்' ஏன் கடைசியில் நிற்கிறது என்பதே புரியாது. அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் 2021-இல் ஸ்பாட்டிஃபை, பிரீமியம் சந்தாதாரர்களின் ஆல்பம் பக்கங்களில், வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டனை முன்னிலையிலிருந்து நீக்கியது. உங்கள் ஃபோனில் ஷஃபிள் குறி பச்சையாக எரிந்தால் ஒருமுறை தட்டி அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து போடுங்கள்.