யாருடைய பழக்கம்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு வயது 54. கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு சங்க அலுவலகத்தில் வேலை. மூன்று வருடமாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கலன்று ஒரு தீர்மானம் எடுத்து, வீடியோக்களில் பார்த்ததையெல்லாம் திரட்டிப் பன்னிரண்டு பழக்கங்களாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். காலை நாலரைக்கு எழுவது, எலுமிச்சை பிழிந்த வெந்நீர், எண்ணெய் கொப்பளிப்பு, மூச்சுப் பயிற்சி, பீட்ரூட் கேரட் சாறு, சிறுதானியக் கஞ்சி, பத்தாயிரம் அடி நடை, ராத்திரி ஏழு மணிக்குள் சாப்பாடு, படுக்கும் முன் நன்றிக் குறிப்பேடு என்று பட்டியல் போகும். என் மனைவி எனக்கு முன்பே எழுந்து சாறும் கஞ்சியும் செய்து வைத்துவிடுவாள். மகன் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கித் தந்தான்.

இருபத்தோரு நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்றார்கள். பதினேழாம் நாள் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை போக வேண்டி வந்தது. திரும்பி வந்தபின் எதுவும் ஒட்டவில்லை. அந்தத் தாளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. மனமும் சரியில்லை. அலுவலகம் விட்டு வந்தால் யாருடனும் பேசத் தோன்றுவதில்லை. முன்பெல்லாம் சனிக்கிழமை மாலை நண்பர்களோடு கேரம் ஆடுவேன், நேரமில்லை என்று அதையும் விட்டாயிற்று. பத்தரைக்குப் படுப்பேன், கைப்பேசியைக் கீழே வைக்கும்போது மணி பன்னிரண்டு ஆகிவிடும்.

என்னிடம் மனவுறுதி இல்லையா? நீங்கள் என்னென்ன பழக்கங்களைக் கடைப்பிடிக்கிறீர்கள்? இன்னொன்று: வீட்டுக் கருவியில் பார்த்தால் இப்போது அழுத்தம் சரியாகவே இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

என் பழக்கங்களைச் சொல்லி உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நான் வீட்டிலிருந்து எழுதுகிறவன், என் நாளின் அமைப்பே வேறு. உங்கள் நாளைப் பற்றியே பேசுவோம்.

முதலில் அந்த மதுரைக் கல்யாணத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிடலாம். இருபத்தோரு நாள் கணக்கு பழக்கங்களை ஆராய்ந்து வந்ததே அல்ல. 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன், முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிய முகம் பழகக் குறைந்தது இருபத்தோரு நாளாவது ஆகிறது என்று எழுதினார். கைமாறிக் கைமாறி அது எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி இழுத்தடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதமில்லை. கவனியுங்கள், அவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு செயலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதையும் காலை உணவுக்குப் பின் என்பதுபோல், ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டினார்கள். நீங்கள் ஒரே நாளில் பன்னிரண்டை ஏற்றியிருக்கிறீர்கள். தை மாதத்தில் கல்யாணமோ வளைகாப்போ காரியமோ குறுக்கிடாத இருபத்தோரு நாள் நம் ஊரில் யாருக்குக் கிடைக்கும்? அந்த விதியைப் பரப்பியவர்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லை போலிருக்கிறது.

உங்கள் பட்டியலின் முதல் வரியே மற்றவற்றைக் கெடுக்கிறது என்பது என் கணிப்பு. பன்னிரண்டுக்குத் தூங்கி நாலரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. தூக்கம் குறைந்தால் பசி கூடும், இன்சுலின் மந்தமாக வேலை செய்யும், அழுத்தம் ஏறும், கண்டதற்கெல்லாம் எரிச்சல் வரும். அந்தத் தாளைப் பார்த்து வரும் எரிச்சலில் ஒரு பங்கு இந்தக் கணக்கில் சேரும். நாலரைக்கு எழுந்த நம் தாத்தாக்கள் எட்டரைக்கே விளக்கை அணைத்தவர்கள், அந்தப் பாதியை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை. ஆறு மணிக்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் ஆறு. எழுந்ததும் சற்று நேரம் வாசலிலோ மாடியிலோ வெளிச்சத்தில் நில்லுங்கள், உடல் தன் நேரத்தை முக்கியமாக அதைக்கொண்டுதான் திருத்திக்கொள்கிறது. கைப்பேசிச் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து கழற்றிக் கூடத்தில் மாட்டிவிடுங்கள். கும்பகோணத்துக்காரரிடம் காபியைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் காபியிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கடைசி டம்ளரை மாலை நாலு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வாக்கியத்துக்கு வருகிறேன். மனைவி உங்களுக்கு முன்பே எழுந்து சாறும் கஞ்சியும் செய்து வைத்துவிடுவார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர் நாலு மணிக்கு எழுகிறார். ராத்திரி பாத்திரம் துலக்கி, மறுநாளுக்கு ஊறப்போட்டு, அடுப்புமேடையைத் துடைத்துவிட்டு அவர் எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பது கடிதத்தில் இல்லை. வெந்நீர், சாறு, கஞ்சி, ஏழு மணிச் சாப்பாடு நான்கும் அவர் கையால் நடப்பவை. ஏழு மணிக்குள் சாப்பாடு என்றால் ஆறு மணிக்கே அடுப்படி. மகன் ஒன்பது மணிக்கு வந்தால் இன்னொரு முறை தோசைக்கல்லைப் போட வேண்டும். பீட்ரூட்டைத் தோல் சீவி, நறுக்கி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, பிறகு ஜாரின் பிளேடுக்கு அடியில் சிக்கிய சிவப்புச் சக்கையைக் குச்சியால் நோண்டிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். நீங்கள் குடித்து முடிக்க அரை நிமிடம். (அதிலும், சர்க்கரை எல்லையில் நிற்பவர் வடிகட்டிய சாற்றைக் குடிப்பதைவிட அந்தக் கேரட்டை மென்று தின்பது மேல், நார்ச்சத்தாவது மிஞ்சும்.)

மனவுறுதி இல்லையா என்று கேட்கிறீர்கள். பதினேழு நாள் ஓடிய பட்டியலில் எத்தனை பங்கு உங்கள் உறுதி, எத்தனை பங்கு அவருடைய தூக்கம் என்று பிரித்துப் பாருங்கள். 2019இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97 நிமிட ஆணும் வீட்டுவேலை செய்கிறவர்களில் சராசரி, ஒன்றுமே செய்யாதவர்கள் அதில் சேர்த்தியில்லை. ஆண்களின் ஆரோக்கிய வைராக்கியம் பல வீடுகளில் இந்த 299ஐ 330 ஆக்குவதில்தான் தொடங்குகிறது. மகன் வாங்கித் தந்த கடிகாரத்தை ஒரு நாள் அவர் கையில் கட்டிவிட்டுப் பாருங்கள். அப்படியே, அவருக்குச் சர்க்கரையும் அழுத்தமும் கடைசியாக எப்போது பார்த்தது என்றும் கேளுங்கள். இன்னொருவர் எழுந்து செய்து தந்தால்தான் நடக்கும் என்கிற எதையும் உங்கள் பழக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். கஞ்சி வேண்டுமென்றால் நீங்களே கிண்டுங்கள், கேழ்வரகு மாவு ஒன்றும் பெரிய வித்தை கேட்காது.

அடுத்து அந்தப் பத்தாயிரம் அடி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைமோகம் கிளம்பியபோது, யமாசா என்ற நிறுவனம் 1965இல் இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை 'பத்தாயிரம் அடி அளவி' என்று பெயர் வைத்து விற்றது. விளம்பரத்துக்கு வாகான எண், அவ்வளவுதான். 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு, சராசரியாக 72 வயதான ஏறக்குறைய 17,000 அமெரிக்கப் பெண்களின் நடையை அளந்து வெளியிட்டது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் பலன் ஏறாமல் நின்றுவிட்டது. நீங்கள் அவர்களைவிட இளையவர், அதே எண்ணை உங்களுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். ஆனால் ஆறாயிரம் நடந்த நாளைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளவும் வேண்டாம்.

எண்ணைவிட முக்கியமான ஒன்றை லண்டன் பஸ்களில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே சம்பள வர்க்கம், ஒரே ஊர், ஒரே பஸ். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953இல் மாரிஸ் வெளியிட்டார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி வந்தது. அவர் சீருடைப் பதிவேட்டை எடுத்து இடுப்பளவுகளைப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் கண்டக்டர்களே தப்பித்தார்கள். அந்தக் கண்டக்டர்களில் யாரும் பொங்கலன்று தீர்மானம் எடுத்தவர்கள் அல்லர். படிக்கட்டு அவர்கள் வேலையின் நடுவில் இருந்தது.

உங்கள் நாளின் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடினால் ராத்திரிச் சாப்பாடு கண்ணில் படுகிறது. சாப்பிட்டு முடித்த சற்று நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அப்போது நடந்தால் கால் தசைகள் அதை இழுத்துக்கொள்ளும், இன்சுலினை அவ்வளவாக எதிர்பார்க்காமலே. சர்க்கரை வரக்கூடிய நிலையிலிருந்த முதியவர்களை வைத்து 2013இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பதினைந்து நிமிட நடை நல்ல பலன் தந்தது, அதிலும் ராத்திரி நடை. எனவே சாப்பிட்டதும் இரண்டு பேருமாகப் பாத்திரத்தைக் கழுவிப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். மகாமகக் குளம் பக்கமென்றால் அதைச் சுற்றுங்கள். ஸ்கூட்டரும் நாயும் விடாது என்றால் மொட்டை மாடி போதும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தது. நல்ல காரியம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தச் சொல்கிறது. உடனே ஜிம்முக்கு ஓட வேண்டாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய பலர் எழுவதைக் கவனித்திருக்கிறேன்: இடது கை தரையில், வலது கை முட்டியில், ஒரு 'முருகா', பிறகு பக்கத்து நாற்காலியைப் பிடித்து நிமிர்வது. பிரேசிலில் கிளாடியோ அராவுஜோ என்ற மருத்துவர் இதையே சோதனையாக்கினார். உட்கார ஐந்து, எழ ஐந்து, மொத்தம் பத்து மதிப்பெண். ஊன்றும் ஒவ்வொரு கைக்கும் முட்டிக்கும் ஒன்று போகும், தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சோதித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து 2012இல் வெளியிட்டார். மதிப்பெண் குறைந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். கை ஊன்றாமல் எழுந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. கால் வலுவும் சமநிலையும் எவ்வளவு மிச்சமிருக்கின்றன என்று அது காட்டும். டைனிங் டேபிளும் சோபாவும் வெஸ்டர்ன் கழிப்பறையும் வந்தபின் நம் நாளில் தரை இல்லாமலே போய்விட்டது. முட்டித் தேய்மானம் இல்லையென்றால் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது கீழே உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

மனதைப் பற்றிச் சொன்னீர்கள். நீங்கள் சொன்ன பழக்கங்களில் இன்னொரு மனிதர் வருகிற ஒன்றுகூட இல்லை. கேரமை நேரமில்லை என்று விட்ட இடத்தில்தான் நன்றிக் குறிப்பேடு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதப் பிடித்தால் எழுதுங்கள், வீட்டுப்பாடமாகத் தெரிந்தால் மூடிவிடுங்கள். மனச்சோர்வுக்கு உளவியலாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, மனம் தெளியட்டும் என்று காத்திராமல், முன்பு பிடித்திருந்ததை நாளும் நேரமும் குறித்துச் செய்யவைப்பது. விருப்பம் பிறகு வரும். ஆகவே வருகிற சனிக்கிழமை நண்பருக்குப் போன் போட்டுப் பலகையில் பவுடர் தூவச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி மனம் கனத்தே கிடந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், கேரம் போதாது, மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

கடைசியாக மாத்திரை. நிறுத்தாதீர்கள். அழுத்தம் சரியாக இருப்பதற்குப் பெரும்பாலும் அந்த மாத்திரையே காரணம். உப்பைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு ஐந்து கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. சாம்பாரில் போடுவதற்கு முன்பே ஊறுகாயும் அப்பளமும் மோர்மிளகாயும் அதில் பாதியைத் தின்றுவிடும். ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அழுத்தத்தைப் பார்த்து, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். காபி குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்க்காதீர்கள். அடுத்த முறை போகும்போது அந்தத் தாளையும் வீட்டுக் கருவியையும் டாக்டரிடம் கொடுங்கள். அவருடைய கருவியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, குறைப்பதா தொடர்வதா என்று அவர் சொல்லட்டும். போகும்போது மனைவியையும் அழைத்துப்போங்கள், அவருக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.