திருகோணமலையில் இருந்துகொண்டு கேலரியில் வைக்கும் அளவுக்குப் படம் எடுக்க எங்கே, என்ன படிக்க வேண்டும்?

உயர்தரம் முடித்துவிட்டேன், கையில் கமரா இருக்கிறது, கலியாணப் படம் எடுக்க மனமில்லை, கண்காட்சிச் சுவரில் தொங்கும் படம் எடுக்க வேண்டும், எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே ஒரு ஸ்டூடியோவில் பல வருடம் கலியாணமும் சாமத்தியச் சடங்கும் எடுத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்பினேன். அதனால் கோர்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பிரிண்ட் எடுக்கப் பழகுங்கள்.

கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்கு முதன்முதலில் ஆறு படம் அனுப்பினேன். டச்சு விரிகுடாவில் விடியுமுன் எடுத்தவை. என் கணினித் திரையில் கறுத்த தண்ணீருக்குள் தோணியின் விளிம்பு, கயிறு, ஆட்களின் முழங்கால் எல்லாமே தெரிந்தன. பிரிண்டில் அந்த இடம் முழுக்க ஒரே கறுப்பு. திரை தானே வெளிச்சம் விடுகிறது, தாள் தன்மேல் விழும் வெளிச்சத்தை மட்டும்தான் திருப்பித் தருகிறது, நானோ திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தே திருத்தியிருந்தேன். அன்று முதல் திரையைக் கருவி வைத்து அளந்து சரிசெய்யாமல், சின்னத் துண்டில் ஒரு சோதனைப் பிரிண்ட் எடுக்காமல் பெரிய படம் கொடுப்பதில்லை.

அடுத்த முறை பிரிண்ட் நன்றாக வந்தது, பிரேமில் பிழைத்தேன். கண்ணாடி படத்தில் நேரே பட்டபடி போட்டுக் கொடுத்தார்கள், நானும் கவனிக்கவில்லை. மாரி வந்ததும் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்கப் போனபோது மேல்பூச்சு உரிந்து வந்தது. நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி வேண்டும், பின்னால் வைக்கும் அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். லென்ஸுக்கும் இதே கதிதான், சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பெட்டிக்குள் வைக்காவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும்.

கமராவைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள், அங்குலத்துக்கு 300 என்று வைத்தால் ஏறக்குறைய 20 × 13 அங்குலப் படம் வரும். தொடங்குவதற்கு இது தாராளம்.

சரி, எதை எடுப்பது? திருகோணமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சுவாமி மலைச் சூரிய உதயத்தையும் கோட்டைப் பக்கத்து மான்களையும் எடுக்கிறார்கள். அழகான படங்கள்தான். ஆனால் கேலரிக்காரர் ஒரு நல்ல படத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை, ஒன்றையொன்று தாங்கி நிற்கிற பத்துப் பதினைந்து படம் கேட்பார். அதற்கு ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கரையில் நின்று வலை இழுக்கும் மீனவர்கள் தங்கும் ஒரு கரைவலை வாடிக்கு நான் இரண்டு வருடம் போனேன். முதல் சில மாதம் கமராவைக் கண்டதும் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள், பிறகு நான் வந்தேனா போனேனா என்றே யாரும் பார்க்கவில்லை. வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது வலை கரையில் கிடக்கும், ஆட்கள் சும்மா இருப்பார்கள், வானம் சாம்பலாக இருக்கும். அந்த மாதங்களில் எடுத்தவைதான் என் தொகுப்பில் பாதிக்கு மேல்.

படங்களை 4 × 6 அளவில் மலிவாகக் கழுவித் தரையில் பரப்பி, வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். நான் அப்படிப் பரப்பியிருந்தபோது வலைக்குச் சொந்தக்காரரான வாடிச் சம்மாட்டி வந்து எனக்கு மிகப் பிடித்த படத்தை விரலால் தள்ளிவிட்டு, "இது இழுக்கிற படம் இல்லைத் தம்பி, இழுக்கிற மாதிரி நிற்கிற படம்" என்றார். வலையின் பாரத்தில் குதிகால் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், அந்தப் படத்தில் புதையவில்லை. தொகுப்பிலிருந்து அதை நீக்கிவிட்டேன். எந்த வகுப்பிலும் எனக்கு இப்படி ஒரு விமர்சனம் கிடைத்ததில்லை.

படிப்பு என்று பார்த்தால், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கட்புலக் கலை படிக்கலாம். கோடும் நிறமும் கலை வரலாறும் தெரிந்த கண்ணுக்குப் புகைப்படம் வேறு மாதிரித் தெரியும், அதனால் இடம் கிடைத்தால் விடாதீர்கள். புகைப்படத்தை மட்டுமே ஆழமாகப் படிக்க விரும்பினால் டாக்காவில் ஷஹிதுல் ஆலம் 1998இல் தொடங்கிய பாத்ஷாலா என்ற புகைப்படப் பள்ளி இருக்கிறது, இந்தியாவின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் ஒரு பட்டம் முடித்த பிறகு சேரக்கூடிய முதுகலை புகைப்பட வடிவமைப்பில் இருக்கிறது. எங்கே போனாலும் காட்டுவதற்கு உங்கள் படத் தொகுப்பு வேண்டும், ஆக அந்தக் கரையிலிருந்தேதான் தொடங்க வேண்டியிருக்கும்.

லயனல் வெண்ட் என்ற நம் நாட்டுப் புகைப்படக் கலைஞரின் படங்களைக் கட்டாயம் தேடிப் பாருங்கள். 1900இல் கொழும்பில் பிறந்தவர், படித்தது சட்டமும் பியானோவும். இருட்டறையில் தானே சோதனை செய்து செய்து கற்றுக்கொண்டார், 44 வயதில் இறந்துவிட்டார். பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிந்துபோயின, இன்று நம்மிடம் இருப்பவை அவர் கையால் எடுத்த பிரிண்டுகள். பிரிண்ட் பிரிண்ட் என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அவரும் ஒரு காரணம். இரவு ரயில் ஏறி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கொழும்புக்குப் போங்கள். லயனல் வெண்ட் கலை நிலையத்தில் கண்காட்சிகள் நடக்கும், 2019இல் திறந்த நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் இருக்கிறது. படத்துக்குக் கிட்டப் போய்த் தாளைப் பாருங்கள், எந்த உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், இரண்டு படத்துக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயம். விற்ற விலையில் பாதியளவு கேலரிக்குப் போவது வழக்கம். பிரிண்ட், பிரேம் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். ஒரு படத்தை 5 பிரதி என்று எண்ணிட்டுக் கையெழுத்து வைத்தால் ஆறாவது எடுக்கக் கூடாது, அது வாங்குகிறவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. நான் இன்றும் கலியாணம் எடுக்கிறேன், தாள் வாங்கும் காசு அதிலிருந்துதான் வருகிறது. உங்களுக்கு மனமில்லை என்றால் வேறு வேலை பாருங்கள், ஆனால் முதல் ஐந்தாறு வருடம் கேலரிக் காசில் வீட்டை நடத்தலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

ஒரே இடத்தில் எடுத்த முப்பது படம் சேர்ந்ததும் இங்கே பின்னூட்டத்தில் சொல்லுங்கள். உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் பரப்பிப் பார்க்கலாம், சம்மாட்டியையும் கூப்பிடுகிறேன்.