மனு கொடுப்பதும் கருத்துச் சொல்வதும்

வாசகர் கேள்வி – பதில்
(தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள்)

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் மாகாணச் சட்டமன்றம் மக்களிடம் கருத்துக் கேட்காமல் முடிவெடுத்தால், நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிடும் எனப் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பில் கூறினார்கள். இது உண்மையா? நம் சட்டமன்றத்துக்கும் அத்தகைய கட்டாயம் உண்டா?
– ஓசூர் வாசகர்

பதில்: உண்மைதான். அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டு அரசமைப்பின் 118-ஆவது பிரிவு, சட்டமியற்றும் பணியில் பொதுமக்கள் பங்கேற்க வழிசெய்வதை மாகாணச் சட்டமன்றத்தின் கடமையாகவே விதித்திருக்கிறது. அந்தக் கடமை எவ்வளவு கனமானது என்பது மட்டாட்டியேல் என்ற ஊரின் வழக்கில் தெரிந்தது. அவ்வூரைக் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து பிரித்துக் கிழக்குக் கேப் மாகாணத்தோடு சேர்க்க அரசமைப்பையே திருத்தினார்கள். அதற்கு ஒப்புதல் அளித்த குவாசுலு-நட்டால் சட்டமன்றம், பாதிக்கப்படும் மக்களிடம் கருத்துக்கேட்பு நடத்தவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அரசமைப்பு நீதிமன்றம் 2006-இல் திருத்தத்தின் அந்தப் பகுதியைச் செல்லாது என்று அறிவித்து, குறையைச் சரிசெய்ய 18 மாத அவகாசம் தந்தது. கதை அத்தோடு முடியவில்லை. பிறகு முறைப்படி கருத்துக் கேட்டார்கள். புதிய திருத்தம் கொண்டுவந்தார்கள். ஊர் கிழக்குக் கேப்பிலேயே இருந்துவிட்டது. கேட்க வேண்டும் என்பதுதான் சட்டம். கேட்டபடி நடக்க வேண்டும் என்பதன்று. பயிற்சி வகுப்பில் இந்தப் பிற்பாதியைச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

நம் அரசமைப்பில் மாநிலச் சட்டமன்றத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. மசோதா வரைவைக் குறைந்தது 30 நாள்கள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014-இல் வகுக்கப்பட்ட கொள்கை மத்திய அமைச்சகங்களுக்கு உரியது. அதுவும் சட்டமன்று, கொள்கைதான். சட்டத்தின்கீழ் பிறக்கும் விதிகளில் சிலவற்றுக்கு மட்டும் வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும் முறை உண்டு. அரசிதழைப் புரட்டிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

கேட்காமல் செய்வதன் விலையை ஓசூர்க்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்க்கவே, 24-ஆம் தேதி அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. மூன்று நாளில் பின்வாங்க நேர்ந்த ஒன்றை, மூன்று வாரம் முன்பே சிப்காட் தொழிற்பேட்டை வாயிலில் நிற்கும் தொழிலாளியிடம் கேட்டிருக்கலாம். பின்வாங்கியது பெருமைக்குரியதே, ஆனால், வலுவான சங்கம் இல்லாத தரப்புக்கு இத்தகைய பின்வாங்கல் வாய்ப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் ஒகேனக்கல் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்து விடுகிறார்கள். திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். கிராம சபையில் பேசினால் பயன் உண்டா? இங்கே கிராம சபை என்றால் நூறு நாள் வேலைக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. இப்போது தலைவரும் இல்லை.
– பென்னாகரம் வட்டார வாசகி

பதில்: மூன்று மனு கொடுத்தும் கிடைக்காத ஒன்று கிராம சபையில் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. மனு என்பது நீங்கள் அலுவலரிடம் கேட்பது. தீர்மானம் என்பது ஊர் கூடி முடிவெடுத்து அலுவலருக்குத் தெரிவிப்பது. நம் மாவட்டத்தில் மனு வாங்கும் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. 'மக்களுடன் முதல்வர்' முகாம்களின் ஊரகக் கட்டமே 2024 ஜூலையில் நம் பாளையம்புதூரில்தான் தொடங்கியது. அதைக் குறை சொல்லவில்லை. ஆயினும் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியைப் பசு வந்து அடித்தபோது கன்று ஏற்கெனவே தேர்க்காலில் மாண்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தேர் எந்தத் தெருவில் ஓடலாம் என்று முன்கூட்டியே பேசும் இடம்தான் கிராம சபை.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவதும், பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வதும் அந்தச் சபையின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் ஆயின. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான், கூட்டம் செல்லுவதற்கான குறைந்தபட்ச வருகையான கோரம் நிறையும். இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காகத்தான் நீங்கள் சொல்லும் கையெழுத்து வேட்டை நடக்கிறது. மொரப்பூர்ப் பக்கம் ஓர் ஊரில் நானே பார்த்தேன்: வருகைப் பதிவேட்டில் இருந்தவர்கள் இருநூறுக்கு மேல், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பதுக்குள்.

தலைவர் இல்லை என்பதால் சபை இல்லாமல் போய்விடாது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் பதவிக்காலம் முடிந்து, நம் இரு மாவட்ட ஊராட்சிகளும் தனி அலுவலர் பொறுப்பில் வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில், ஊர் தன் குரலைப் பதிவு செய்ய எஞ்சியிருக்கும் இடம் கிராம சபை மட்டுமே என்பதால், அது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

உங்கள் தண்ணீர் விஷயத்தில், 'நல்ல குடிநீர் வேண்டும்' என்று தீர்மானம் போட்டால் அது மூலையில் கிடக்கும். நிலத்தடி நீரில் மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடின் பாதிப்பைக் குறைப்பதற்கென்றே கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைக் கிணற்று நீரோடு கலந்தால், அத்திட்டத்தின் நோக்கமே கெடுகிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. மாற்று வழி இல்லாத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே, குறிப்பிட்ட அந்தத் தொட்டியின் நீரைப் பரிசோதித்து முடிவை அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும், ஒகேனக்கல் நீருக்குத் தனித் தொட்டியோ தனிக் குழாயோ அமைக்க மதிப்பீடு தயாரிக்க வேண்டும் என்று இரண்டே வரியில் எழுதிக்கொண்டு போங்கள். நான்கைந்து பெண்களாகச் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். பின்னர், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தத் தீர்மானத்தின் நகலையும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கேள்வி: நகராட்சியில் வசிக்கும் எங்களுக்குக் கிராம சபை போல எதுவும் இல்லையா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: உண்டு. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு எங்கள் மலைக்கிராமத்துச் சாலைக் கோரிக்கையை அனுப்பலாமா?
– அரூர் வட்டார வாசகர்

பதில்: அனுப்பலாம், பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை என்பதால் அது அக்குழுவுக்கு ஏற்றதே. குழு மாவட்டத்துக்கு வரும் முன் மனு கேட்டு அறிவிப்பு வெளியாகும். மனு தமிழில், ஐந்து நகல்களாக, ஒரு மனுவில் ஒரே பிரச்சினையாக இருக்க வேண்டும். பட்டா, முதியோர் ஓய்வூதியம், வேலைவாய்ப்பு போன்ற தனிநபர் கோரிக்கைகளையும், நீதிமன்றத்தில் இருப்பவற்றையும் ஏற்க மாட்டார்கள். சாலை காப்புக்காட்டின் வழியே போகிறதென்றால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இத்தகைய ஊர்ப் பணிகளுக்குக் கிராம சபையின் பரிந்துரையைக் கேட்கிறது. எனவே, முதலில் சபைத் தீர்மானம், பிறகு மனு என்ற வரிசையில் போங்கள்.

கேள்வி: கர்நாடகத்தில் உள்ள உறவினர்கள், சான்றிதழ் தாமதமானால் அலுவலரே பணம் தர வேண்டும் என்கிறார்கள். நிஜமா?
– தேன்கனிக்கோட்டை வாசகி

பதில்: நிஜம். அங்கே 'சகாலா' என்று வழங்கும் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை விண்ணப்பதாரர் இழப்பீடு கேட்கலாம். இத்தகைய சட்டத்தை 2010-இல் முதலில் கொண்டுவந்தது மத்தியப் பிரதேசம். தமிழ்நாட்டிலும் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 20 ரூபாய் பெரிய தொகையன்று. கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி வாடகைக்கு இருக்கும் ஓசூர்க்காரர் ஒருவர், இத்தனை ஆண்டுகளில் அந்த இழப்பீட்டைக் கேட்டு வாங்கியதே இல்லை என்று என்னிடம் சொன்னார். கேட்க வேண்டிய நிலை வரும் முன்பே சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதாம்.