யூதச் சபை ஒன்றில் வசந்த காலம் எப்படிக் கழிகிறது? பஸ்கா வீட்டு விழாவா, சபை விழாவா?

பஸ்கா விருந்து வீட்டில்தானே நடக்கிறது, அதில் ஜெப ஆலயத்துக்கும் சபைக்கும் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். யூத நண்பர் அழைத்தால் என்ன கொண்டு போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பஸ்கா, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்றதை நினைவுகூரும் யூத விழா. அதன் விருந்து நடப்பது வீட்டு மேசையில்தான். ஆனால் அந்த இரவில் எந்த வீட்டு மேசையும் வெறுமையாக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொள்வது சபையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதற்காகச் செய்யும் பல வார உழைப்பில்தான் ஒரு யூதச் சபை ஆண்டுதோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது என்பது என் கருத்து.

நான் யூதன் அல்லன். சிகாகோவின் வடக்கே, டெவான் அவென்யூவை ஒட்டிய வெஸ்ட் ரோஜர்ஸ் பார்க் பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன். அந்தச் சாலையின் ஒரு பகுதிக்குக் காந்தி மார்க் என்றும், மற்றொரு பகுதிக்கு இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயர் பெயரிலும் கௌரவப் பெயர்ப் பலகைகள் உண்டு. பருப்பும் கறிவேப்பிலையும் வாங்க வரும் இந்தியர்களும், ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்கு நடந்தே செல்லும் யூதக் குடும்பங்களும் ஒரே நடைபாதையைப் பயன்படுத்தும் இடம் அது. அண்டை வீட்டுக்காரர்களாக அவர்களோடு பழகியும், அழைத்தபோது சென்றும், கேட்டும், பிறகு படித்தும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைச் சொல்ல வேண்டும். யூத மாதங்கள் நிலவைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. பன்னிரண்டு நிலா மாதங்கள் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாட்கள்தான் வரும். சூரிய ஆண்டைவிடக் குறையும் பதினொரு நாட்களை அப்படியே விட்டுவிட்டால், ரமலான் மாதத்தைப் போலப் பஸ்காவும் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். ஆனால் பஸ்காவை ஆபீப் மாதத்தில், அதாவது வாற்கோதுமை கதிர்விடும் மாதத்தில்தான் அனுசரிக்க வேண்டும் என்பது வேதாகமத்தின் உபாகம நூலில் உள்ள கட்டளை. ஆகவே ஒவ்வொரு 19 ஆண்டுச் சுற்றிலும் ஏழு ஆண்டுகளுக்கு நிசானுக்கு முந்தைய ஆதார் மாதத்தை இரட்டிப்பாக்கி, பஸ்கா வரும் நிசான் மாதத்தை வசந்தத்திலேயே நிறுத்துகிறார்கள். 2026இல் ஏப்ரல் 1 மாலை தொடங்கும் பஸ்கா, 2027இல் ஏப்ரல் 21 மாலைக்குத் தள்ளிப்போவது இதனால்தான்.

இந்தக் கணக்கு நிலைபெறுவதற்கு முன்பு, அதிக மாதம் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றம் கூடி முடிவு செய்தது. கதிர் முற்றியிருக்கிறதா, மரங்களில் காய் பிடித்திருக்கிறதா என்று பார்த்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. மழையில் சாலைகளும் பாலங்களும் பழுதடைந்திருந்தாலோ, பஸ்கா ஆட்டைச் சுடும் அடுப்புகள் இன்னும் காயாமல் இருந்தாலோ, தொலைதூரத்திலிருந்து புறப்பட்ட மக்கள் இன்னும் எருசலேமுக்கு வந்து சேராதிருந்தாலோ, அந்த ஆண்டுக்கு ஒரு மாதத்தைக் கூட்டலாம் என்று தல்மூத் என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. வழியில் இருப்பவர்கள் வந்து சேரட்டும் என்று வசந்தத்தையே ஒரு மாதம் ஒத்திவைத்த சமூகம் இது என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மரியாதை இன்றும் குறையவில்லை. சபை என்றால் என்ன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

பருவம் பஸ்காவில் தொடங்குவதில்லை; அதற்கு ஒரு மாதம் முன்பு வரும் பூரிமில், அதாவது பாரசீகத்தில் யூதர்கள் அழிவிலிருந்து தப்பியதை நினைவுகூரும் விழாவில் தொடங்குகிறது. எஸ்தரின் சுருளை வாசிப்பதும், மாறுவேடம் போட்ட குழந்தைகள் ஆலயத்தில் ஓடியாடுவதும் வெளியாருக்குக் கண்ணில் படும் பகுதி. அன்று ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுக்க வேண்டும் என்ற கடமையும், நண்பர்களுக்கு உணவு அனுப்பும் வழக்கமும் அதே அளவு முக்கியமானவை. பூரிம் முடிந்ததும் பஸ்காவுக்கு முப்பது நாட்கள். அந்த முப்பது நாட்களும் விழாவின் விதிகளைப் படிப்பதற்கும், இல்லாதவர் யார் என்று விசாரிப்பதற்கும் உரியவை.

கோதுமைப் பணம் என்று பொருள்படும் மாவோத் ஹிட்டீம் நிதி இங்கேதான் வருகிறது. பஸ்கா உணவு எப்போதுமே செலவு பிடிப்பது. புளித்த மாவு சேர்ந்த எதையும் எட்டு நாட்களுக்கு (இஸ்ரேலில் ஏழு நாட்கள்) உண்ணவும் கூடாது, உடைமையாக வைத்திருக்கவும் கூடாது. மாவில் நீர் பட்டதிலிருந்து பதினெட்டு நிமிடங்களுக்குள் சுட்டெடுத்த மட்சா என்னும் புளிப்பில்லா அப்பத்தைத்தான் உண்ண வேண்டும். இதற்கு வழியில்லாதவருக்குக் கோதுமையை ஊரே வாங்கித் தர வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். ஊரில் பன்னிரண்டு மாதம் குடியிருந்தவர் யாராயினும், வசதியுள்ளவரானால் கொடுக்கக் கடமைப்பட்டவர், வசதியற்றவரானால் பெற உரிமையுள்ளவர் என்று எருசலேம் தல்மூத் வகுத்திருக்கிறது. பெறுவதை உரிமை என்று வைத்த அந்த நுட்பத்தைக் கவனியுங்கள். வாங்குபவர் தலைகுனிய வேண்டியதில்லை.

சிகாகோவில் இதே பெயரில் 1908 முதல் ஓர் அமைப்பு இயங்கிவருகிறது. பஸ்காவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, நகரெங்குமுள்ள சபைகளிலிருந்து தன்னார்வலர்கள் காரில் வந்து, பெட்டிகளையும் முகவரிப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுசேர்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படியேறப் பெட்டி தூக்க ஆள் தேவைப்பட்டதால் நானும் அவரோடு போயிருக்கிறேன். நாங்கள் சென்ற அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தனியாக வாழும் முதியவர்கள் இருந்தார்கள். ரஷ்ய மொழி மட்டுமே பேசக்கூடிய சிலரும் இருந்தார்கள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதை அந்தப் பெரியவர் ஏற்க மாட்டார். உள்ளே சென்று, உட்கார்ந்து, உடல்நலம் கேட்டு, செடர் என்னும் பஸ்கா விருந்து இரவுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்பார். எங்கும் போகவில்லை என்று பதில் வந்தால், சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்துப் பெயரைக் குறித்துக்கொள்வார். அன்று மாலைக்குள் ரபியின், அதாவது சபை மதகுருவின் மனைவி அந்தப் பெயர்களை வீடுகளுக்குப் பங்கிட்டுவிடுவார். புதுப்பித்துக்கொள்வது என்று தொடக்கத்தில் நான் எதைச் சொன்னேனோ, அது எனக்கு அந்தக் குறிப்பேட்டில்தான் தெரிந்தது.

இது இரக்கத்தால் செய்யப்படும் கூடுதல் நற்செயல் என்று யாரும் அங்கே கருதுவதில்லை, ஏனெனில் விழாவின் சட்டத்திலேயே அது இருக்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல், பஸ்கா விதிகளின் கடைசி அத்தியாயத்தைத் தொடங்கும்போதே, இஸ்ரவேலின் பரம ஏழையும் அந்த இரவில் சாய்ந்து அமர்ந்தே உண்ண வேண்டும், பொது அன்னதானத்திலிருந்து எடுத்தாவது அவனுக்கு நான்கு கிண்ணம் திராட்சரசத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. சாய்ந்து அமர்வது அந்தக் காலத்தில் சுதந்திர மனிதனின் அடையாளம். அதற்கும் முன்னால், யாத்திராகமத்தில் முதல் பஸ்காவுக்கான கட்டளையிலேயே, ஒரு ஆட்டுக்குட்டியை உண்ண வீட்டார் போதாமற்போனால் அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆக, வீட்டு விழாவா சபை விழாவா என்ற கேள்வியில் உள்ள பிரிவினை மூலநூலில் இல்லை. அண்டை வீட்டாரையும் சேர்த்தே வீடு என்று அது கணக்கிட்டிருக்கிறது.

வீட்டுத் தூய்மைப் பணிகளிலும் சபைக்குப் பங்கு உண்டு. பல ஆலயங்களில் விழாவுக்கு முந்தைய வாரத்தில் பெரிய அண்டாவில் நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து வைத்திருப்பார்கள். நன்கு தேய்த்து, ஒரு நாள் முழுவதும் பயன்படுத்தாமல் வைத்திருந்த உலோகப் பாத்திரங்களையும் கரண்டிகளையும் மக்கள் கொண்டுவந்து அதில் முக்கி எடுத்து, பிறகு குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டு போவார்கள். வரிசையில் நிற்கும்போதுதான் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, யார் வேலை இழந்தார் என்பதெல்லாம் பேச்சில் வரும். கொட்டி அழிக்க முடியாத புளித்த பொருட்களை விற்றுவிடும் முறை ஒன்றும் உண்டு. குடும்பங்கள் ரபிக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்க, அவர் எல்லோர் சார்பிலும் யூதரல்லாத ஒருவருக்கு முறையான ஒப்பந்தத்தின்படி விற்று, விழா முடிந்ததும் திரும்ப வாங்குகிறார். இஸ்ரேல் அரசின் சார்பில் நடக்கும் விற்பனையில், எருசலேமுக்கு அருகிலுள்ள அபு கோஷ் ஊரைச் சேர்ந்த அரபு முஸ்லிம் ஒருவர் பல ஆண்டுகள் வாங்குபவராக இருந்திருக்கிறார். ஒரு சபை தன் விழாவைச் சட்டப்படி நடத்த அயலார் ஒருவரின் நம்பிக்கையான ஒத்துழைப்பைச் சார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

செடர் இரவைப் பற்றித் தமிழில் பலரும் எழுதிவிட்டார்கள். கசப்புக் கீரை, உப்பு நீர், கடைசிக் குழந்தை கேட்கும் நான்கு கேள்விகள் ஆகியவற்றை நான் மீண்டும் விவரிக்கவில்லை. தொடக்கத்தில் அப்பத்தை உயர்த்திப் பிடித்து, பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும் என்று அராமிய மொழியில் சொல்லும் அழைப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்த பிறகு சொல்லப்படும் அந்த அழைப்பு யார் காதில் விழும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அதற்காகத்தான் ஒரு மாதம் முன்பே தேடத் தொடங்குகிறோம் என்று அந்தப் பெரியவர் சொன்னார். வீட்டில் நடத்த முடியாதவர்களுக்காக ஆலய மண்டபத்திலேயே பொதுச் செடர் நடத்தும் சபைகளும் அமெரிக்காவில் ஏராளம். இந்த அழைப்பை மிக விரிவாக எடுத்துக்கொண்ட ஓர் இரவும் வரலாற்றில் உண்டு: மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டனில் ஒரு கறுப்பினக் கிறிஸ்தவ ஆலயத்தின் அடித்தளத்தில், யூதச் செயற்பாட்டாளர் ஆர்தர் வாஸ்கோ புதிதாக எழுதிய விடுதலைச் செடருக்கு யூதரும் கிறிஸ்தவரும், கறுப்பரும் வெள்ளையருமாக ஏறத்தாழ 800 பேர் கூடினார்கள்.

இயற்கையின் வசந்தம் ஆலய வழிபாட்டில் இரண்டு மூன்று இடங்களில் தெளிவாகத் தெரிகிறது. பஸ்காவின் முதல் நாளில் மழைக்கான வேண்டுதல் நின்று, பனித்துளிக்கான வேண்டுதல் தொடங்குகிறது. மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபில் அதைப் பாடுபவர், பாவநிவிர்த்தி நாளில் அணியும் அதே வெள்ளை அங்கியை அணிந்திருப்பார். கோடை முழுதும் மழையில்லாத இஸ்ரேல் நிலத்துக்குப் பனிதான் உயிர் என்பதால் எழுந்த வேண்டுதல் அது. சிகாகோவில் ஏப்ரல் தொடக்கத்தில் சில ஆண்டுகளில் வெளியே உறைபனி விழுந்துகொண்டிருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கானோர் வேறொரு நிலத்தின் வயல்களுக்காகப் பனித்துளி கேட்டு நிற்பார்கள். மாரிக்காலம் போயிற்று, பூக்கள் காணப்படுகின்றன என்று பாடும் உன்னதப்பாட்டை வாசிப்பதும் இதே வாரத்தில்தான். பூத்த கனிமரத்தைக் கண்டால் ஆண்டுக்கு ஒருமுறை சொல்லும் ஆசீர்வாதம் ஒன்றும் நிசான் மாதத்துக்கு உரியது. தன் உலகில் எதையும் குறைவைக்காமல், மனிதர் மகிழ நல்ல மரங்களைப் படைத்தவருக்கு நன்றி சொல்வது அது. ஸ்பெயினை மூலமாகக் கொண்ட செபார்டி மரபினர் கூட்டமாகச் சென்று சொல்வதைச் சிறப்பாகக் கருதுகிறார்கள். குளிர்நாடுகளில் பூக்கத் தாமதமானால் மாதம் கடந்தும் சொல்லலாம் என்று இடம் கொடுக்கும் ரபிகள் உண்டு.

பஸ்காவின் இரண்டாம் இரவிலிருந்து 49 நாட்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஐம்பதாம் நாளில் ஷவுவோத் என்னும் அறுவடை விழா வருகிறது. வாற்கோதுமை அறுவடையில் தொடங்கிக் கோதுமை அறுவடையில் முடியும் காலம் அது. ஆலயத்தை இலைதழைகளால் அலங்கரித்து, இரவு முழுதும் விழித்திருந்து வேதம் படிப்பது பரவலான வழக்கம். அப்போது வாசிக்கப்படும் ரூத்தின் கதையில், அந்நிய நாட்டுப் பெண் ஒருத்தி அறுப்பவர்கள் விட்டுச்சென்ற கதிர்களைப் பொறுக்க வயலுக்கு வருகிறாள். வயலின் ஓரத்தையும் சிந்திய கதிரையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்ற சட்டத்தால் பிழைத்து, பிறகு அந்தச் சமூகத்தில் ஒருத்தியாகி, தாவீது அரசனின் முன்னோராகவும் ஆகிறாள். கோதுமைப் பணம் வசூலித்துத் தொடங்கிய பருவம் கதிர் பொறுக்கியவளின் கதையில் முடிவதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அழைப்பு வந்தால் தயங்காமல் செல்லுங்கள். வீட்டில் சமைத்ததையோ, கேக், பிஸ்கட், இனிப்பு வகைகளையோ கொண்டுபோகாதீர்கள். பூங்கொத்து போதும், முன்னதாகவே அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. உண்ணும் பொருள்தான் தர வேண்டுமென்றால், பஸ்காவுக்கு உகந்தது என்ற முத்திரையுள்ள, பிரிக்காத பொட்டலத்தை வாங்கி, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். அரிசி உணவு இருக்குமா என்பது வீட்டைப் பொறுத்தது: செபார்டி மரபினரும் இந்திய யூதர்களும் உண்பார்கள், அஷ்கெனாசி மரபினர் வழக்கமாகத் தவிர்த்துவந்தார்கள், அவர்களில் கன்சர்வேடிவ் என்னும் யூதப் பிரிவின் சட்டக் குழு 2015இல்தான் அனுமதித்தது. வாசிப்பும் பாடலும் முடிந்து உணவு வர இரவு வெகுநேரம் ஆகும் என்பதால், மாலையில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போங்கள். செடரில் வாசிக்கும் ஹகாடா நூலை எல்லோரும் முறைவைத்து வாசிக்கும் வீடுகளில் உங்கள் முறையும் வரும், மறுக்காமல் வாசியுங்கள்.